நிண்டெண்டோ டிஎஸ்ஸும் அதோட கிறுக்கு ஜப்பான் கேம்களும்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

வீட்டுக்கு யார் வந்தாலும் டிவி பக்கத்துல கிடக்கற என்னோட நிண்டெண்டோ டிஎஸ்ஸ, கையில வச்சு கேம் ஆடற அந்த வெள்ளை டப்பாவ எடுத்து, தொறந்து, மூடி, "இது என்னங்க பழைய டிக்‌ஷனரி மாதிரி இருக்கு"ன்னு ஆரம்பிக்கறாங்க. ஊர்லேர்ந்து போன் பண்ற தம்பிங்களும் அதே கேள்விதான். நான் இருக்கறது டோக்கியோல நிஷிகசாய், செகண்ட்ஹேண்ட் கடைக்குள்ள நுழைஞ்சா வெறுங்கையோட வெளிய வர்ற பழக்கம் கிடையாது, அதனால என்கிட்ட கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, ஒரே தடவையா இங்க எழுதி வச்சிடறேன்.

போன்லயே ஆயிரம் கேம் இருக்கு, 2004ல வந்த டப்பா எதுக்கு?

போன்ல இல்லாத கேம் இதுல இருக்கு, அவ்வளவுதான். டிஎஸ்ல ரெண்டு ஸ்க்ரீன், கீழ இருக்கறது டச், ஒரு மைக், நடுவுல மடிக்கற கீல். இந்த நாலையும் கையில குடுத்துட்டு "ஏதாவது பண்ணுங்கடா"ன்னு ஜப்பான்ல கேம் பண்றவங்கள விட்டுட்டாங்க. அவங்க ஊத வச்சாங்க, கத்த வச்சாங்க, தேய்க்க வச்சாங்க, மூடி மூடி தொறக்க வச்சாங்க. உலகம் முழுக்க 15.4 கோடி மெஷின் வித்திருக்கு, அவ்வளவு பேர் கையில இருக்குன்னு தெரிஞ்சதால சின்ன கம்பெனிகூட தைரியமா ஒரு பைத்தியக்கார யோசனைய கேமா பண்ணி கடையில வச்சுப் பாத்தாங்க. அந்த தைரியம் எனக்குப் பிடிக்கும், அதுக்காகத்தான் இன்னும் வச்சிருக்கேன்.

ரெண்டு ஸ்க்ரீன் எதுக்கு?

அது நிண்டெண்டோ வீட்டு பழைய சொத்து. கேம் அண்ட் வாட்ச்னு 1980ல சின்ன கால்குலேட்டர் சைஸ்ல ஒண்ணு விட்டாங்க, பண்ணவர் குன்பெய் யோகோய். ட்ரெயின்ல ஒரு ஆபீஸ்காரர் போரடிச்சுப் போய் கால்குலேட்டர் பட்டனை தட்டிட்டு இருந்ததைப் பாத்துதான் அந்த யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. 1982லயே அதுல ரெண்டு ஸ்க்ரீன் வச்சு மடிக்கற மாடல் வந்தாச்சு, டாங்கி காங் அதுல ஆடலாம். அதையும் டிஎஸ்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தாத்தாவும் பேரனும்னு கண்ணை மூடிட்டு சொல்லிடலாம்.

கிறுக்கு கிறுக்குன்னு சொல்றீங்களே, எந்த அளவுக்கு?

டிஎஸ் ஜப்பான்ல வந்த நாள் 2004 டிசம்பர் 2. அன்னிக்கே கூட வந்த செகா கேம் ஒண்ணு, பேரு "கிமி நோ தமே நரா ஷினேரு", அதாவது "உனக்காகன்னா சாகவும் ரெடி". ஒருத்தன் ஒரு பொண்ணைப் பாத்து மயங்கிடறான், அவ மனசைப் பிடிக்க என்னென்னவோ பண்ணணும். ஒரு இடத்துல ஒருத்தன் தங்கமீனை முழுங்கிடறான், நீங்க ஸ்டைலஸால (ஸ்க்ரீன்ல எழுதற பேனா மாதிரி குச்சி) அவன் வயித்தை கீழேர்ந்து மேல தேச்சு தேச்சு மீனை வாய் வழியா வெளிய எடுக்கணும். புது மெஷினோட அறிமுக நாள்ல, கோடிக்கணக்குல செலவு பண்ணி விக்கற பொருளோட, இதை வைக்க ஒரு கம்பெனி ஒத்துக்கிச்சு பாருங்க.

அதே நாள்ல வந்த இன்னொண்ணு வாரியோ கேம், "சவாரு மேட் இன் வாரியோ". ஒவ்வொரு கேமும் அஞ்சாறு செகண்டுதான். டாய்லெட் பேப்பரை சரசரன்னு இழு, அறு, ஊது, அடுத்தது, அடுத்தது. என்ன பண்ணணும்னு ஒரே ஒரு வார்த்தை திரையில வரும், புரிஞ்சுக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும், தோத்தா கூட சிரிப்புதான் வரும். வீட்டுக்கு வர்றவங்க கையில நான் முதல்ல குடுக்கறது இதைத்தான், விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு கேம் வாங்கணும்னா எது?

"ஓஸ்! டடகாயே! ஓஎன்டான்". 2005 ஜூலை, ஐனிஸ்னு ஒரு கம்பெனி பண்ணது. ஓஎன்டான்னா ஜப்பான்ல காலேஜ்லயும் ஸ்கூல்லயும் நிஜமாவே இருக்கற உற்சாகப்படுத்தற கோஷ்டி, பேஸ்பால் மேட்ச்ல கருப்பு கோட்டு போட்டுக்கிட்டு, தலையில பட்டி கட்டிக்கிட்டு, மேளத்தோட தொண்டை கிழியக் கத்துவாங்க. கேம்ல அந்த மாதிரி மூணு பேர். ஊர்ல எவனுக்காவது கஷ்டம்னா, அவன் "ஓஎன்டான்!"னு கத்தினா போதும், இவங்க எங்கேர்ந்தோ குதிச்சு வந்து ஆட ஆரம்பிச்சிடுவாங்க. உதவின்னா பணமும் இல்ல, ஆளும் இல்ல, வெறும் ஆட்டம் மட்டும்தான்.

கஷ்டப்படறவங்க யாருன்னு பாருங்க: எக்ஸாமுக்குப் படிக்க முடியாம வீட்டுல இருக்கறவங்க சத்தத்துல திண்டாடற பையன், கூட்டம் வராத ராமென் கடைக்காரர், ட்ரெயின்ல வயித்தைக் கலக்கிட்டு உக்காந்திருக்கற வயலின்காரர், உடம்பு குறைக்க நினைக்கற கிளியோபாட்ரா (ஆமா, அதே கிளியோபாட்ராதான்). மேல் ஸ்க்ரீன்ல காமிக்ஸ் கட்டம் மாதிரி கதை ஓடும், கீழ பாட்டுக்கு ஏத்த மாதிரி நம்பர் போட்ட வட்டங்கள் வரும், வெளி வளையம் சுருங்கி வட்டத்தைத் தொடற நொடியில தட்டணும். நீங்க தாளம் தப்பினா அந்தப் பையன் ஃபெயிலு. நீங்க தப்பினா வயலின்காரர் கதி என்னன்னு நான் சொல்ல வேண்டாம். கடைசில பூமியை நோக்கி ஒரு விண்கல் வருது, அதுக்கும் இதே வைத்தியம்தான்.

இது ஜப்பானைத் தாண்டி விக்கப்படவே இல்ல. அமெரிக்காவுக்கு 2006ல "எலைட் பீட் ஏஜென்ட்ஸ்"னு கருப்பு கோட்டு சூட்டு போட்டவங்களை வச்சு, இங்கிலீஷ் பாட்டோட வேற ஒண்ணு பண்ணிக் குடுத்தாங்க. அதுவும் நல்லாதான் இருக்கு, ஆனா எனக்கு அந்தத் தொண்டை கிழியற கத்தல் இல்லாம உப்பு கம்மியான சாம்பார் மாதிரி. கம்ப்யூட்டர்ல "ஓஸு!"ன்னு ஒரு கேம் உங்க தம்பி ஆடிட்டிருப்பானே, 2007ல வந்தது, அது இதைப் பாத்துப் பண்ணதுதான். அவன்கிட்ட சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டான்.

தாளம் எனக்கு வராதே?

கச்சேரில உக்காந்து தொடையில தட்டிக்கிட்டே இருக்கறவங்க எல்லாம் என்ன பாடமா படிச்சாங்க? "ரிதம் டெங்கோகு கோல்ட்" வாங்குங்க, 2008. மியூசிக் சுன்கு, மார்னிங் முசுமேன்னு பெரிய பொண்ணுங்க குரூப்பை உருவாக்கினவர். மெஷினை புத்தகம் மாதிரி நிமித்திப் பிடிச்சுக்கணும், பட்டனே கிடையாது, ஸ்டைலஸால தட்டறதும் சுண்டறதும்தான்.

அதுல ஒரு கோரஸ் இருக்கு. மூணு பேர் நிக்கறாங்க, நீங்க மூணாவது ஆள். ஸ்டைலஸை ஸ்க்ரீன்ல அழுத்தி வச்சிருக்கற வரைக்கும் உங்க ஆள் வாய் மூடியிருப்பான், எடுத்தா "ஆஆ"ன்னு பாடுவான். மத்த ரெண்டு பேரும் ஒழுங்கா பாடி முடிச்சப்புறம் நீங்க கால் நொடி கூடுதலா இழுத்துட்டீங்கன்னா ரெண்டு பேரும் திரும்பி உங்களை ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, கல்யாண வீட்டுல தப்பான நேரத்துல கைதட்டினவனை எல்லாரும் பாக்கற அதே பார்வை. நான் அதுல மூணு நாள் மாட்டிக்கிட்டேன். ஒரு சின்ன வழி சொல்றேன், படத்தைப் பாக்காதீங்க, கண்ணை மூடிக்கிட்டு காதால ஆடுங்க. அப்படியும் திரும்பத் திரும்பத் தோத்தா, கேமுக்குள்ள ஒரு காபி கடை இருக்கு, அங்க போனா கடைக்காரரே "சரி விடு, அடுத்ததுக்குப் போ"ன்னு வழி விட்டுடுவார். இவ்வளவு மரியாதையான கேம் நான் பாத்ததில்ல.

ஜப்பானிய மொழி தெரியாதே, என்ன பண்றது?

மேல சொன்னதுக்கெல்லாம் தெரிய வேண்டாம். வாரியோ, ஓஎன்டான், ரிதம் மூணும் கண்ணுக்கும் காதுக்கும்தான். மெனுல நாலஞ்சு தடவை தப்பா அமுக்குவீங்க, அப்புறம் கை பழகிடும். கதை உள்ள கேமுக்குத்தான் மொழி வேணும், அதுல நிறைய இங்கிலீஷ்ல வந்திருக்கு, பேராசிரியர் லேட்டன், கோஸ்ட் ட்ரிக், டோக்கியோவோட ஷிபுயா ஏரியாவைச் சுத்தி நடக்கற "தி வேர்ல்ட் எண்ட்ஸ் வித் யூ" எல்லாம்.

மொழி கத்துக்கற ஆசை இருந்தா "கஞ்சி சோனோமாமா ராகுபிகி ஜிட்டென்"னு ஒரு கேட்ரிஜ் (மெஷின்ல சொருகற சின்ன அட்டை) இருக்கு, கேமே இல்ல, அகராதி. தெரியாத எழுத்தை ஸ்டைலஸால அப்படியே வரைஞ்சா அர்த்தம் காட்டும். நான் இங்க வந்த புதுசுல வார்டு ஆபீஸ் லெட்டரை எல்லாம் அதை வச்சுத்தான் படிச்சேன், பக்கத்துல க்யூல நிக்கறவங்க நான் கேம் ஆடறேன்னு நினைச்சிருப்பாங்க. (கஞ்சின்னா சோறு வடிச்ச கஞ்சி இல்ல, அந்த சீன எழுத்துக்கு இங்க அதான் பேரு. எங்கம்மா போன்ல கேட்டப்ப ரொம்ப நேரம் குழம்பிட்டாங்க.)

ரூபாய் வச்சு ஒரு கேம் இருக்காமே?

டிங்கிள்! நிண்டெண்டோவோட செல்டாங்கற கேம் வரிசையில பச்சை டிரெஸ்ஸும் சிவப்பு மூக்குமா சுத்தற 35 வயசு ஆள். அவனை ஹீரோவாப் போட்டு 2006ல ஒரு கேம் விட்டாங்க, அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்கு இங்கிலீஷ்ல வந்துச்சு, அமெரிக்காவுக்கு வரவே இல்ல. செல்டால காசுக்குப் பேரு ரூபி, ஜப்பானிய எழுத்துல நம்ம ரூபாயையும் அதே எழுத்துலதான் எழுதுவாங்க, அதனால எனக்கு இது சொந்த ஊர் கேம் மாதிரி.

இதுல காசுதான் உயிர், நிஜமாவே. அடி வாங்கினா காசு குறையும், காசு ஜீரோ ஆனா ஆள் காலி. யார்கிட்ட என்ன கேட்டாலும் காசு, வழி கேட்டா காசு, கதவு தொறக்க காசு. எவ்வளவுன்னும் சொல்ல மாட்டாங்க, நீங்களே ஒரு தொகை எழுதிக் குடுக்கணும். கம்மியா குடுத்தா "பத்தாது"ன்னு சொல்லிட்டு குடுத்ததையும் உள்ள வச்சுக்குவாங்க! கூட குடுத்தா வாயை மூடிட்டு வாங்கிக்குவாங்க. எந்த ஊர்லயாவது ஆட்டோ ஏறினவங்களுக்கு இந்தக் கேம் ரெண்டு நிமிஷத்துல பழகிடும். ஒரு எச்சரிக்கை, நடுவுல கொஞ்சம் இழுவை, சண்டை போடற விதமும் சுமார்தான், ஆனா அந்த பேரத்துக்காகவே ஆடலாம்.

எமுலேட்டர்ல போன்லயே ஆடினா ஆகாதா?

எமுலேட்டர்னா டிஎஸ் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர். அதுல ஆடலாம், பாதி கேம் ஓடும். மீதிப் பாதிக்கு மெஷின் வேணும். "அனதர் கோட்"னு 2005ல ஒரு கேம். அதுல ஒரு இடத்துல மேல் ஸ்க்ரீன்ல ஒரு படம், கீழ் ஸ்க்ரீன்ல ஒரு படம், எதை அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது. ராத்திரி முழுக்க நான் தட்டிக்கிட்டே இருந்தேன். கடைசில வெறுத்துப் போய் மெஷினை மூடப் போனேன், பாதி மடிக்கறப்ப மேல இருக்கற படம் கீழ் ஸ்க்ரீன்ல கண்ணாடில தெரியற மாதிரி பிரதிபலிச்சு, ரெண்டும் சேந்து ஒரே படமா தெரிஞ்சுது. எழுந்து உக்காந்துட்டேன்! அதே கேம்ல இன்னொரு இடத்துல முத்திரை குத்தணும், அதுக்கு டிஎஸ்ஸை டப்புனு மூடி தொறக்கணும். 2007ல வந்த செல்டா கேம்லயும் ஒரு மேப்பை இன்னொரு மேப் மேல பதிக்க இதேதான். போனை எப்படிங்க மடிப்பீங்க? (மடிக்கற போன் வச்சிருக்கறவங்க சண்டைக்கு வராதீங்க.)

ஸ்டைலஸும் அப்படித்தான். போன் கண்ணாடி விரலோட மின்சாரத்தை உணரும், டிஎஸ் ஸ்க்ரீன் அழுத்தத்தை உணரும், ரெண்டு மெல்லிய படலம் ஒண்ணை ஒண்ணு தொடணும். அதனால நகத்தாலகூட எழுதலாம், ஊசி முனை மாதிரி துல்லியமா கோடு போடலாம்.

எந்த மாடல் வாங்கணும்?

2006ல வந்த டிஎஸ் லைட். வெளிச்சம் நல்லா இருக்கு, கையில அடங்கும், அடியில பழைய கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிஜ் போடற ஓட்டையும் இருக்கு. 2008ல வந்த டிஎஸ்ஐல கேமரா வச்சுட்டு அந்த ஓட்டையை எடுத்துட்டாங்க. கண்ணு கொஞ்சம் மங்கல்னா டிஎஸ்ஐ எல்எல், ஸ்க்ரீன் 4.2 இன்ச், என்னோட மேனேஜர் அதைத்தான் வச்சிருக்கார்.

டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் ஏற்கனவே இருந்தா தனியா வாங்க வேண்டாம், அதுல டிஎஸ் கேம் ஓடும். படம் இழுத்துக் காட்டறதால மசமசன்னு இருக்கும், கேம் தொறக்கறப்ப ஸ்டார்ட் பட்டனையோ செலக்ட் பட்டனையோ அமுக்கிப் பிடிச்சா சின்னதா, ஆனா பளிச்சுனு வரும். மடிக்கவே முடியாத பலகை மாதிரி 2டிஎஸ் ஒண்ணு இருக்கு, அதுல மூடறதுக்கு பதிலா ஒரு ஸ்விட்ச் வச்சிருக்காங்க, முத்திரை குத்தற இடத்துல அதைத் தள்ளிப் பாருங்க, ஏதோ கட்டாயத்துக்கு கும்பிட்ட மாதிரி இருக்கும்.

ஜப்பான் கேமை வேற நாட்டு மெஷின்ல போட்டா ஓடுமா? சார்ஜர்?

சாதா டிஎஸ் கேமுக்கு நாட்டு பூட்டு கிடையாது, சீனாவுக்குன்னு வந்ததைத் தவிர எந்த ஊர் கேமும் எந்த ஊர் மெஷின்லயும் ஓடும். டிஎஸ்ஐக்குன்னே வந்த கேமுக்கும் 3டிஎஸ் கேமுக்கும் பூட்டு உண்டு. சார்ஜர் விஷயத்துல மட்டும் தயவுசெஞ்சு கவனம், ஜப்பான் சார்ஜர் 100 வோல்ட்டுக்குப் பண்ணது, நம்ம ஊர் 230ல நேரா சொருகினா வாசனை வரும், அப்புறம் புகை வரும். யூஎஸ்பி கேபிள் தனியா கிடைக்குது, அதை வாங்கிக்கோங்க. லைட்டோட பின் வேற, டிஎஸ்ஐக்கும் 3டிஎஸ்ஸுக்கும் ஒரே பின்.

பழசு வாங்கறப்ப என்ன பாக்கணும்?

முதல்ல கீல். லைட்ல வலது பக்கக் கீல் விரிசல் விடறது ரொம்ப சகஜம், தொறந்து லேசா ஆட்டிப் பாருங்க. அப்புறம் மேல் ஓரத்துல இடமும் வலமும் இருக்கற ரெண்டு தோள் பட்டன், அப்புறம் கீழ் ஸ்க்ரீன்ல நாலு மூலையும் தட்டிப் பாருங்க, தட்டற இடம் தள்ளிப் போச்சுன்னா செட்டிங்ஸ்ல சரி பண்ணிக்கலாம், சுத்தமா கேக்கலைன்னா விட்டுடுங்க.

இங்க கடைகள்ல "ஜங்க்"னு எழுதி ஒரு கூடை வச்சிருப்பாங்க, விலை சல்லிசு, திருப்பிக் குடுக்க முடியாது. ஒரு கடையில அந்தக் கூடையிலேர்ந்து ஒண்ணை எடுத்தேன், பில் போட்டவர் "வேலை செய்யுது சார்"னார், வீட்டுக்கு வந்து பாத்தா இடது தோள் பட்டன் செத்துக் கிடக்கு. கோவத்துல அந்த இடுக்குல வாயை வச்சு நல்லா ஊதினேன், தூசி பறந்துச்சு, பட்டன் எழுந்துருச்சு. ஊதறதுக்குன்னே பொறந்த மெஷின் போல. பேட்டரி மூடிக்கு சாதா ஸ்க்ரூடிரைவர் போதும், உள்ள தொறக்கணும்னா மூணு கிளை உள்ள ஸ்க்ரூடிரைவர் தேடணும்.

டூப்ளிகேட் கேட்ரிஜ் நிறைய சுத்துது. ஆடும், ரெண்டு வாரம் கழிச்சு சேவ் காணாமப் போகும். விலை நம்ப முடியாத அளவுக்கு கம்மின்னா நம்பாதீங்க. எல்லா கேமையும் ஒரே அட்டையில போட்டுத் தர்ற ஆர்4 பத்தி கேக்கறவங்களுக்கு, 2009லயே டோக்கியோ கோர்ட்ல அதை விக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு.

ஆன்லைன்ல யாரோடயாவது ஆட முடியுமா?

நிண்டெண்டோவோட வைஃபை சேவை 2014 மே 20ல மூடிட்டாங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களோட இப்பவும் ஆடலாம், சில கேமுக்கு ஒரே கேட்ரிஜ் போதும். 2009ல டிராகன் குவெஸ்ட் 9 வந்தப்ப மெஷினை மூடி பையில போட்டுக்கிட்டு நடந்தா, எதுக்க வர்றவர் பையில இருக்கற மெஷினோட அதுவா பேசி புதையல் மேப்பை வாங்கிக் குடுக்கும். டோக்கியோ அகிஹபரால யோடோபாஷிங்கற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை வாசல்ல இதுக்குன்னே கூட்டம் கூட்டமா நின்னாங்க, யாரும் யாரோடயும் பேசறதில்ல, பையில இருக்கறதுங்கதான் பேசிக்கும். நான் இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா மூடி எடுத்துட்டுப் போவேன். ஒரு தடவைகூட எதுவும் வந்ததில்ல.

ட்ரெயின்ல ஆடலாமா?

மைக் கேமை மட்டும் ஆடாதீங்க. மூளைப் பயிற்சி கேம்ல எழுத்தோட கலரை சத்தமா சொல்லணும், "ஆவோ", "குரோ", "ஆகா"ன்னு. தோஹோகு யுனிவர்சிட்டி பேராசிரியர் கவாஷிமா பேர்ல 2005ல வந்தது, தாத்தா பாட்டிங்களை எல்லாம் டிஎஸ் வாங்க வச்சது. காலைல டோசாய் லைன் கூட்டத்துல அதை நான் ஒரு தடவை முயற்சி பண்ணேன். ஒரு தடவைதான்.

குழந்தைகளுக்கு?

நிண்டென்டாக்ஸ். நாய்க்குட்டி, பேர் வச்சுக் கூப்பிட்டா வரும். வேற கேள்வி வேண்டாம்.

நீங்க அடிக்கடி ஆடறது எது?

ஆடறதுன்னு சொல்ல முடியாது. "எலக்ட்ரோபிளாங்க்டன்", 2005, பண்ணவர் தோஷியோ இவாய்ங்கற மீடியா ஆர்ட்டிஸ்ட். பத்து வகை பிளாங்க்டன், தொட்டா சத்தம் வரும், ஜெயிக்கறது தோக்கறது பாயிண்ட் எதுவும் கிடையாது. ஒண்ணுல தண்ணிலேர்ந்து துள்ளற பிளாங்க்டன் இலையில பட்டு பட்டு ஸ்வரம் வரும், இலையைத் திருப்பினா ராகம் மாறும். இன்னொண்ணுல நாலு மீன் நீந்தும், ஒவ்வொண்ணையும் தொட்டு மைக்ல ஒரு சத்தம் குடுத்தா அதை முழுங்கிக்கிட்டு தாளத்தோட திரும்பத் திரும்பப் பாடும்.

போன ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுல வச்சு ஆடினேன். முதல் மீனுக்கு குக்கர் விசில், ரெண்டாவதுக்கு கடுகு வெடிக்கறது, மூணாவதுக்கு என் பொண்ணு "அப்பா பசிக்குது"ன்னது, நாலாவதுக்கு கரண்டியால தட்டின சத்தம். நாலும் சேந்து ஓடினப்ப ஏதோ பாட்டு மாதிரியே இருந்துச்சு, பொண்ணு அதுக்கு ஆட ஆரம்பிச்சுட்டா, வீட்டம்மா கரண்டியோட வாசப்படியில நின்னு பாத்தாங்க. இந்தக் கேம்ல சேவ் பண்ற வசதியே கிடையாது. பச்சை லைட்டு சிவப்பாயிடுச்சு, சார்ஜர் எந்த ரூம்லன்னு தேடிட்டு வர்றதுக்குள்ள அணைஞ்சு போச்சு. மறுபடியும் குக்கர் வைங்கன்னு கேட்டேன், சாதம் ஏற்கனவே ஆயிடுச்சுன்னுட்டாங்க.